தலை நிமிரட்டும் பாஸ்!

காலை ஆறரை மணி. அமராவதி ஆத்துக் காத்து சிலுசிலுன்னு அடிக்க, கொமரலிங்கம் பஸ் ஸ்டாப்பில் ரெண்டு செட் நிற்கும். ஒரு செட், பனியன் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் அக்காக்கள், அண்ணன்கள். இன்னொரு செட், உடுமலை காலேஜுக்குக் கிளம்பும் நீங்கள். உங்களில் சிலர் பரேடு நாளில் காக்கி யூனிஃபார்ம், தொப்பியோடு வரும் என்.சி.சி. கேடட்கள்.

இந்த ரெண்டு செட்டுக்கும் ஒரு விஷயம் பொது. சாயங்காலம் வீடு திரும்பும்போது கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வருவது!

டெய்லர் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். பவர் டேபிள் தாழ்வாக இருந்தால், ஊசி முனையைப் பார்க்க நாள் முழுக்கக் குனிய வேண்டும். புதுசாகச் சேர்ந்த பொண்ணு குனிந்தே தைக்கும். ரெண்டு வாரத்தில் தையலும் கோணல், கழுத்தும் கோணல். அனுபவமுள்ள அக்கா முதல் நாளே மெக்கானிக்கைக் கூப்பிடுவார். "ஏனுங் தம்பி, இந்த டேபிளைக் கொஞ்சம் ஏத்தி வச்சுக் கொடுங்க. நான் குனிஞ்சு தைக்க முடியாதுங்க."

மிஷின் ஆளுக்காக மாறணுமே தவிர, ஆள் மிஷினுக்காக வளையக் கூடாது. இவ்வளவுதான் மேட்டர். இதே விஷயம் ரைஃபிளுக்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் நாம் இன்றைக்குப் பேசப் போவது.

சைட் உயரம்னா என்ன?

ரைஃபிளில் குறி பார்க்கும் கருவிக்குப் பேர் சைட். என்.சி.சி.யில் நீங்கள் பிடிக்கும் .22 ரைஃபிளில் அது இரும்புச் சைட். கிளப்புகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுபவர்கள் பயன்படுத்துவது, சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் டயாப்டர் சைட். சினிமாவில் கமாண்டோக்கள் வைத்திருப்பார்களே, கண்ணாடிக்குள் குட்டியாக ஒரு சிவப்புப் புள்ளி... அது ரெட் டாட் சைட். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975-ல் எலெக்ட்ரானிக் ரெட் டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு ராணுவ ரைஃபிளில் இருந்து பொழுதுபோக்கு ஏர் ரைஃபிள் வரைக்கும் அதை மாட்டுகிறார்கள்.

ரைஃபிள் மேல் ஒரு தண்டவாளம் மாதிரி பள்ளம் இருக்கும். அதுதான் ரெயில். ரெயிலுக்கும் சைட்டுக்கும் நடுவில் வரும் முட்டுதான் மவுண்ட். லோ, மீடியம், ஹை என்று உயரத்தில் பல சைஸ். எதை வாங்குவது?

நம்ம பசங்க செய்கிற முதல் தப்பு, "உன்னோடது எவ்வளவு மச்சி?" என்று ஃப்ரெண்டைக் கேட்டு அதையே வாங்குவது. ஃப்ரெண்டோட செருப்பு சைஸைக் கேட்டு உங்களுக்குச் செருப்பு வாங்குவீர்களா?

கீழே இருந்தா என்ன ஆகும்?

சைட் தாழ்வாக இருந்தால், அதற்குள் பார்க்கத் தலையைக் கவிழ்த்து, கன்னத்தை பட் மீது அழுத்த வேண்டும். தலை கீழே போகும். கண் மட்டும் புருவத்துக்கு அடியில் இருந்து மேல்நோக்கிப் பார்க்கும். ஒரு நிமிஷம் இப்போதே செய்து பாருங்கள்: தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பாருங்கள். கண் இழுக்கிறதா? பின்கழுத்து முறுக்குகிறதா? இதே நிலையில் ஒலிம்பிக் பாணியில் 75 நிமிஷத்தில் 60 ரவுண்டு சுட வேண்டும் என்றால்?

கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு தலைவலி. கண் மருத்துவர் கொடுத்த பவர் லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்க்கும்போதுதான் சரியாக வேலை செய்யும். தலை கவிழ்ந்தால் லென்ஸின் மேல் விளிம்பு வழியாகப் பார்ப்பீர்கள். புள்ளி மங்கும், இழுபடும். "சைட்டே சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

மூன்றாவது விஷயம், பேலன்ஸ். உடம்பு ஆடாமல் நிற்பதற்கான சிக்னலைக் கொடுக்கும் உறுப்புகளில் ஒன்று உள்காதில் இருக்கிறது. தலை நேராக இருக்கும்போதுதான் அதற்கு வசதி. நின்றுகொண்டு சுடுகிறவர்களிடம் "தலையை நேரா வை" என்று கோச் கத்துவது ஸ்டைலுக்காக இல்லை!

அப்போ உச்சியில் ஏத்திடலாமா?

அதுவும் ஆகாது. பெல்லட் போவது பேரல் வழியாக. பார்வை போவது சைட் வழியாக. சைட் மேலே, பேரல் கீழே. இரண்டு கோடுகளும் ஏதோ ஒரு தூரத்தில் சந்திக்கும்படி சரிசெய்வதைத்தான் 'ஜீரோ பண்றது' என்கிறோம். அந்தத் தூரத்தைவிடக் கிட்டே இருப்பதைச் சுட்டால், பெல்லட் புள்ளிக்குக் கீழேதான் படும்.

எவ்வளவு கீழே? பத்தாம் வகுப்பில் படித்தீர்களே வடிவொத்த முக்கோணங்கள், அது இங்கே கைகொடுக்கும். புவியீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு சும்மா கோடு போட்டுப் பாருங்கள். பேரல் நடுவில் இருந்து சைட் 40 மில்லிமீட்டர் உயரம், ஜீரோ 25 மீட்டர் என்று வைத்தால், 5 மீட்டரில் பெல்லட் 32 மில்லிமீட்டர் கீழே படும். சைட்டை 65 மில்லிமீட்டருக்கு ஏற்றினால் அதே 5 மீட்டரில் 52 மில்லிமீட்டர் கீழே. கிட்டத்தட்ட மூணு விரல் அகலம்!

ஆனால் எப்போதும் ஒரே தூரத்தில், அதே தூரத்துக்கு ஜீரோ செய்து சுடுகிறவருக்கு இந்தக் கணக்கு ஒரு பிரச்னையே இல்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள்காரர் தைரியமாகச் சைட்டை உயர்த்திக்கொள்ளலாம். தூரம் மாற்றி மாற்றிச் சுடுகிறவர்தான் இந்த வித்தியாசத்தை மனப்பாடம் செய்ய வேண்டும்.

உயரம் கூடினால் இன்னொரு சிக்கலும் வரும். கன்னம் பட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கும். தாடை மட்டும் லேசாக உரசும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தலை ஒவ்வொரு இடத்தில். அங்கேதான் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது.

"ரெட் டாட்ல தலை எங்க இருந்தாலும் பரவால்ல!"

இப்படிச் சொல்கிற ஒரு அண்ணன் எல்லா ஊரிலும் இருப்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை.

ரெட் டாட்டுக்குள் இருப்பது ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு. அதன் வெளிச்சம் வளைந்த கண்ணாடியில் பட்டு இணையான கதிர்களாகத் திரும்பி வருகிறது. அதனால் புள்ளி ரொம்பத் தூரத்தில் மிதப்பது மாதிரி தெரியும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் புள்ளி குறியோடு சேர்ந்தே இருப்பது போலத் தோன்றும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கதிர்கள் இணையானவை என்றால், கண் லென்ஸின் நடுவில் இருந்து 8 மில்லிமீட்டர் விலகும்போது, பார்வைக் கோடும் 8 மில்லிமீட்டர் விலகும். 100 மீட்டரில் இருக்கும் பெரிய போர்டில் 8 மில்லிமீட்டர் யாருக்குத் தெரியும்? ஆனால் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில்? மொத்த டார்கெட்டின் விட்டமே 45.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் என்பது அங்கே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆக, கிட்டத் தூரத்தில் ரெட் டாட்டுக்கும் தலை ஒரே இடத்தில் வந்து உட்காரணும். அப்படி உட்கார, கன்னத்துக்கு ஒரு நிலையான இடம் வேணும். அந்த இடத்தை முடிவு செய்வது மவுண்ட் உயரம். சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வந்துவிட்டோம் பார்த்தீர்களா?

போட்டிக்குப் போகும் ஐடியா இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான தகவல்: ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ரெட் டாட்டுக்கோ டெலஸ்கோப்புக்கோ அனுமதி இல்லை. பிரயோஜனமும் இல்லை. '3 எம்.ஓ.ஏ.' என்று எழுதியிருக்கும் சாதாரண ரெட் டாட்டின் புள்ளி, 10 மீட்டரில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டரை மறைத்துவிடும். அரை மில்லிமீட்டர் பத்து அதற்குள் காணாமல் போய்விடும். எனவே பதக்கக் கனவு இருந்தால் காசை டயாப்டர் சைட்டில் போடுங்கள். அதிலும் சைட்டைத் தூக்கி வைக்க ரைசர் பிளாக் என்ற கட்டைகள் உண்டு. ஆனால் எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு ரூல் புக்கில் எல்லை இருக்கிறது. போட்டிக்கு முன்னால் அளந்து பார்ப்பார்கள்.

1.93 மோகம்

துப்பாக்கி விஷயத்தில் ஆர்வமுள்ள பசங்க 1.41, 1.57, 1.93 என்று நம்பர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இவை இன்ச் கணக்கு. அமெரிக்க எம்-16, ஏ.ஆர். வகை ரைஃபிள்களுக்கான மவுண்ட் உயரங்கள். ரெயிலின் மேற்பரப்பில் இருந்து புள்ளி வரைக்கும் அளப்பது.

அந்த வகை ரைஃபிளில் பட் வளையாமல் பேரலுக்கு நேர்கோட்டில் இருக்கும். உதைப்பு நேராகத் தோளுக்குப் போகட்டும் என்று அப்படி வடிவமைத்தார்கள். பட் நேராக இருந்தால் கண் பேரலுக்கு ரொம்ப மேலே நிற்கும். அதனால் சைட்டையும் சுமார் இரண்டரை இன்ச் மேலே தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஹெல்மெட், இருட்டில் பார்க்கும் கருவி எல்லாம் மாட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து சுடுகிறவர்கள் இன்னும் உயரம் கேட்டார்கள். 1.93 வந்தது அப்படித்தான்.

நம்ம ஊர் போலீஸ்காரர்கள் பல வருஷம் தோளில் சுமந்த .303 ரைஃபிளை நினைத்துப் பாருங்கள். அதன் பட் கீழ்நோக்கி வளைந்து இறங்கும். கன்னம் கீழே, கண்ணும் கீழே. அதனால் சைட்டும் பேரலை ஒட்டியே இருக்கும். உங்கள் ஏர் ரைஃபிளின் பட்டும் பெரும்பாலும் இந்த ஜாதிதான். அதில் போய் 1.93-ஐ மாட்டினால், சின்னப் பையன் அப்பாவோட சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு ஃபார்முலாவை மட்டும் ஞாபகம் வையுங்கள். பட் நேராக இருந்தால் சைட் உயரம். பட் வளைந்து இறங்கினால் சைட் தாழ்வு. மீதி எல்லாம் உங்கள் கழுத்து நீளமும் கன்ன எலும்பும் முடிவு செய்யும்.

வாங்கும் முன் இதைச் செய்யுங்க!

கிளப்பில், கோச் முன்னிலையில், ரைஃபிள் காலி என்று ரெண்டு பேர் சோதித்த பிறகு, முனை டார்கெட் பக்கம் இருக்கும்படி வைத்து ஆரம்பியுங்கள்.

1. கண்ணை மூடுங்கள். வழக்கமாக நிற்பது போல நின்று ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். கன்னம் தானாக எங்கே உட்காருகிறதோ அங்கே விடுங்கள். அழுத்தாதீர்கள், தேடாதீர்கள்.

2. இப்போது கண்ணைத் திறங்கள். புள்ளி லென்ஸின் நடுவில் தெரிகிறதா? சூப்பர், உங்கள் உயரம் சரி.

3. தலையைக் கீழே அழுத்தினால்தான் புள்ளி தெரிகிறது என்றால், உங்கள் கண் சைட்டைவிட மேலே இருக்கிறது. சைட்டை உயர்த்துங்கள். அதாவது, உயரமான மவுண்ட்.

4. தலையைத் தூக்கி, கன்னத்தை பட்டில் இருந்து எடுத்தால்தான் தெரிகிறது என்றால், கண் கீழே இருக்கிறது. மவுண்டைத் தாழ்த்துங்கள். இல்லாவிட்டால் கன்னம் வைக்கும் இடத்தை உயர்த்துங்கள். இதற்குக் காசே வேண்டாம். காலாவதியான ஏ.டி.எம். கார்டுகளை பட் மேல் அடுக்கி, டேப் ஒட்டிப் பாருங்கள். ஒரு கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். நாலு கார்டில் சரியாக வந்தால் உங்களுக்குத் தேவை சுமார் 3 மில்லிமீட்டர். கணக்கு முடிந்தது.

5. இதையே இருபது தடவை செய்யுங்கள். நண்பரைப் பக்கவாட்டில், துப்பாக்கி முனைக்குப் பின்னால் நிற்கவைத்து, செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் படத்திலும் இருபதாவது படத்திலும் தலை ஒரே இடத்தில் இருக்கணும். நாம் நிமிர்ந்து நிற்பதாக நினைப்போம், போட்டோ உண்மையைச் சொல்லிவிடும்.

6. சுடும் நிலை மாறினால் இந்த டெஸ்ட்டும் மாறும். படுத்துச் சுடும்போது தலை இருக்கும் இடம் வேறு, நின்று சுடும்போது வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, 50 மீட்டர் த்ரீ பொசிஷன்ஸ், அதில் மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ரைஃபிளை மாற்றி அமைத்துக்கொள்வதே அந்த விளையாட்டின் ஒரு பகுதி.

7. மவுண்ட் வாங்கும்போது ரெயில் அகலத்தைப் பாருங்கள். பெரும்பாலான ஏர் ரைஃபிள்களில் 11 மில்லிமீட்டர் பள்ளம். ராணுவ வகைப் பிக்காட்டினி ரெயில் அதைவிட அகலம். ஒன்றுக்கு வாங்கினது இன்னொன்றில் உட்காராது. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் உதைக்கும் என்பதால், மட்டமான மவுண்ட் மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். ஸ்க்ரூவை அடிக்கடி சரிபாருங்கள்.

என்.சி.சி. கேடட்டா நீங்க?

"சார், அது கவர்மென்ட் ரைஃபிள். சைட்டைத் தூக்கினா ஹவில்தார் என்னைத் தூக்கிடுவார்!" என்கிறீர்களா? நியாயம். நீங்கள் மாற்ற வேண்டியது ரைஃபிளை இல்லை, அது தோளில் உட்காரும் இடத்தை.

பட்டைத் தோளில் தாழ்வாக வைத்தால் சைட்டும் கீழே போகும், தலை துரத்திக்கொண்டு கீழே வரும். பட்டைத் தோள் குழியில் கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்கள். சைட் தானாகக் கண்ணை நோக்கி வரும். படுத்துச் சுடும்போது இடது முழங்கையை எங்கே ஊன்றுகிறீர்கள் என்பதும் உயரத்தை மாற்றும். இந்த ரெண்டையும் ஃபயரிங்குக்கு முந்தைய நாளே, காலி ரைஃபிளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சில் அஞ்சு ரவுண்டு கையில் கொடுத்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. அந்த அஞ்சு ஓட்டையும் ஒரே கூட்டமாக விழுந்தால்தான் டீமில் இடம். நம்ம பக்கத்து அமராவதிநகர் சைனிக் ஸ்கூல் 1962-ல் இருந்து கேடட்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. போட்டி கேம்ப்பில் அப்படிப்பட்ட பசங்களோடும் நீங்கள் மோத வேண்டியிருக்கலாம், மறக்காதீர்கள்!

ஒரு சைட்டின் விலை

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். நாலு வருஷம் கழித்து லண்டனில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது நம்ம சென்னையில். உலகக் கோப்பைத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில்.

பிந்த்ராவின் கடைசி ஒலிம்பிக், 2016 ரியோ. போட்டிக்கு முன் அவருடைய சைட் கீழே விழுந்து உடைந்ததாகவும், மாற்று சைட்டோடு சுட்டதாகவும் செய்தி வந்தது. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது நாலாவது இடம். அதனால்தான் பதக்கம் போச்சு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பழகின சைட் கைவிட்டுப் போவது சுடுகிறவனுக்கு எவ்வளவு பெரிய இடி என்பது, உயரத்துக்காக மாதக் கணக்கில் மல்லுக்கட்டியவர்களுக்குப் புரியும்.

கடைசியா, கொஞ்சம் சீரியஸ்

4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அளவில், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக அது பொம்மை இல்லை. கண்ணைப் பறிக்கும். தோப்பில் கிளி, மைனா மீது குறி பார்ப்பது விளையாட்டு இல்லை, குற்றம். நமக்குத் தெற்கே அமராவதி வனச்சரகம், ஆனைமலைப் புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதையே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சுட ஆசையா? கோவைப் பக்கம் ரைஃபிள் கிளப் இருக்கிறது. கோச் இருக்கிறார். அங்கே போங்கள்.

இனி சாயங்காலம் ப்ராக்டிஸ் முடிந்து கொமரலிங்கம் ஸ்டாப்பில் இறங்கும்போது ஒரு டெஸ்ட். ஸ்கோர் ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வலிக்கவில்லை என்றால் உங்கள் சைட் சரியான உயரத்தில் இருக்கிறது. வலித்தால், கம்பெனி வேனில் இருந்து இறங்கும் அந்த டெய்லர் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "டேபிளை ஏத்தச் சொல்லு கண்ணு, நீ எதுக்குக் குனியறே?" என்பார்.

ஆல் தி பெஸ்ட்!